அம்மை போட்ட வீட்டுக்கு லாகின் கிடையாது

போன மாதம் கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். என் மருமகள் ஐந்து முறை பாஸ்வேர்டு அடித்தாள். ஐந்து முறையும் ஒரே பதில் — 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டது.'

பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது?

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது; அவள் அங்கே போய்ப் படிப்பது ஆன்லைன் கோர்ஸ். டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு டைப் அடிக்கும் படிப்பு. மொத்தம் 24 பாடம், 19 முடித்துவிட்டாள். சர்டிபிகேட்டோடு வந்தால் வேலை என்று தேனியில் ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. மாதக் கடைசி வரைதான் அந்த இடம் காலியாக இருக்கும்.

முப்பது நாள் லாகின் செய்யாவிட்டால் வெளியே தள்ளிவிடுவார்களாம். திரும்ப வந்தால் முதல் பாடத்திலிருந்து! அவள் போகாதது 33 நாள்.

பேரனுக்கு அம்மை போட்டது. பதினைந்தாம் நாள் பேத்திக்கும் மருமகளுக்கும் ஒன்றாக. காமயகவுண்டன்பட்டியில் வாசலில் வேப்பிலை செருகிவிட்டால், அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணி ஊற்றும் வரை அந்த வீட்டார் டவுன் பஸ் ஏறுவதில்லை. டாக்டரிடமும் போவதில்லை. சரியா தப்பா என்று வாதாட நான் வரவில்லை... நடந்தது அதுதான்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன்.

"மெடிக்கல் சர்டிபிகேட் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க சார்."

"அம்மைக்கு நாங்க டாக்டரப் பாக்கலையேம்மா."

"அப்போ எப்படி சார் நம்புறது?"

"மருமக முகத்த ஸ்கேன் பண்ணி அனுப்பவா? தழும்பு இருக்கு."

லைன் கட்.

நான்கு நாளில் எட்டு போன். எட்டும் வேறு வேறு குரல். ஒவ்வொரு குரலுக்கும் பேரனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"விடுங்க மாமா. எத்தன தடவதேன் அவுககிட்டக் கெஞ்சுவீக? மொதல்ல இருந்தே படிச்சுக்கிறேன்" என்றாள் மருமகள்.

"வேல அதுவரைக்கும் காத்திருக்குமா?"



'வீட்டிலிருந்தே படிக்கலாம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். வீடு என்றால் காய்ச்சல் வரும், பிள்ளை அழும், அடுப்பு எரியும் — இதெல்லாம் தெரியாமலா வீட்டை விற்கிறார்கள்?

ஐந்தாம் நாள்தான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் தகவல் தெரிந்து, கிராம நர்ஸ் வந்து வாசலோடு நின்று நோட்டில் எழுதிப் போனாரே! ஓடினேன்.

"நாந்தேன எழுதினேன்! மூணு பேரு... இந்தா இருக்குல்ல?" என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினார் நர்ஸ். "இதுக்கா பெரியவரே எட்டு போனு? மொத நாளே இங்கன வந்திருக்கலாம்ல?"

டாக்டரைப் பார்க்காவிட்டால் ஆதாரமே இல்லை என்று நாங்களாக முடிவு கட்டிக்கொண்டோம். தப்பு எங்கள் பக்கமும்தான்.

நர்ஸ் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு ஒன்பதாவது போன்.

"ஏழு நாள் தர்றோம் சார்."

"பத்தாக் குடும்மா."

"சிஸ்டத்துல ஏழுதான் சார்."

ஐந்து பாடம், ஒரு பரீட்சை, ஏழு நாள். மருமகள் தினமும் முதல் பஸ்ஸில் கம்பம் போனாள். மகனுக்குத் திராட்சைத் தோட்டத்தில் அறுவடை. ஆகவே சமையல் நான்.

ஆறாம் நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொன்னாள். "பாஸ் பண்ணிட்டேன் மாமா. எம்பத்தாறு!"

மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை.

"மிச்சம் பதினாலு என்னாச்சு?"

"உங்க சாம்பாரத் தின்னுட்டுப் போயி வேற எம்புட்டுத்தேன் எடுக்கிறது மாமா?"