நிவாரண முகாமுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார்

என்னைப் பெண் பார்த்தது எங்கே என்று யாராவது கேட்டால், அரசாங்கத்தின் புயல் நிவாரண முகாமில் என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கணபதியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்கு லேத் பட்டறையில் டர்னர் வேலை. நான் ப்ளஸ் டூ முடித்துவிட்டு மோட்டாருக்குக் காயில் சுற்றப் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஐப்பசியில் வங்கக் கடலில் புயல் என்று ரேடியோ சொன்னபோது எங்கள் தெருவில் ஒருவரும் அசையவில்லை. கடலுக்கும் கோயமுத்தூருக்கும் என்ன சம்பந்தம்? “நமக்கு மருதமல காவலிருக்குதுங்க, காத்து அதத் தாண்டி வரோணுமே” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மருதமலை மேற்கே இருக்கிறது, புயல் கிழக்கிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் முதலில் பறந்தது அவர் வீட்டுக் கூரையின் சிமெண்டு ஷீட்தான். அடுத்தது எங்களுடையது. மதியத்துக்குள் பள்ளத்து ஓடைத் தண்ணீர் அடுப்படிக்கு வந்துவிட்டது. தாலுகா ஆபீஸ்காரர்கள் வந்து, லைனையே காலி செய்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். எங்களுக்கு நான்காம் வகுப்பு அறை கிடைத்தது.

உண்மையைச் சொன்னால் முகாம் எனக்குப் பிடித்திருந்தது. சமைக்க வேண்டாம், தண்ணீர் பிடிக்கச் சண்டை போட வேண்டாம். பெண்களுக்கெல்லாம் அரசாங்கம் ஒரே சேலை கொடுத்தது: கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை. எல்லோரும் கட்டிக்கொண்டு நின்றால் ஏதோ கல்லூரி யூனிபாரம் மாதிரி இருக்கும். என் குரல் பெரிது என்பதால் பந்தியில் கரண்டி என் கைக்கு வந்தது. எனக்கு வேலை பரிமாறுவது மட்டுமல்ல, பாதிப்பே இல்லாமல் பந்தியில் புகுந்துகொள்கிறவர்களைக் கண்டுபிடிப்பதும்தான். சாப்பாட்டோடு சென்னிமலைப் போர்வையும் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு சொட்டுத் தண்ணீர் புகாத மாடி வீட்டுக்காரர்கள்கூட வந்து சாவகாசமாக உட்கார ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டுவிடுவேன்.

அப்பாவுக்கு மட்டும் முகாமில் இருப்புக் கொள்ளவில்லை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குக் கொப்பரைக் களத்தில் மேஸ்திரி வேலை, அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமனும்தான். முன்னால் வந்த இரண்டு இடம் லைன் வீட்டைப் பார்த்ததும் தட்டிப்போயிருந்தது. இப்போது அந்த வீடும் இல்லை. “கூரையில்லாத ஊட்டுல எவன் பொண்ணெடுப்பான்?” என்று அம்மாவிடம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வர வேண்டாம், தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதம் போட்டார். மழையில் பாலம் உடைந்து, ரோடு அடைந்து, அந்தக் கடிதம் அவர்கள் கிளம்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியப் பந்தி. தக்காளிச் சோறு. வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவள் ஒரு தட்டுக்கு முன்னால் நின்றேன். தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பவுடர் வாசம். பக்கத்தில் ஒரு பட்டுச்சேலை அம்மாள். அந்தப் பக்கம் தோளில் ஜரிகைத் துண்டோடு ஒருவர். மூவரையும் முகாமில் நான் பார்த்ததே இல்லை.

“ஏனுங்க, உங்க ஊடும் காத்துல போயிருச்சுங்களா?” என்று கேட்டேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் தலையை நிமிர்த்தினார். “இல்லீங்க. ஊடு நல்லாத்தான் இருக்குதுங்க.”

“அப்பறம் பந்தியில என்னங்க வேல?”

“வாசல்ல ஒருத்தர் கையப் புடிச்சு உக்கார வெச்சுப்போட்டாருங்க. சாப்புடுங்கன்னாரு. எப்படீங்க வேண்டாங்கறது?”

பந்தி முழுவதும் சிரித்தது. அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது, மனஸ்தாபம் என்று ஆகிவிடும். ஆனாலும் எனக்கு இரக்கம் வரவில்லை. “போர்வை வாங்கவும் கையப் புடிச்சுக் கூட்டீட்டுப் போவாருங்க, பாருங்க” என்று சொல்லிவிட்டு அரைக் கரண்டிதான் வைத்தேன். அந்த நேரத்தில் அப்பா ஈர வேட்டியோடு ஓடி வந்தார். அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட விதத்திலேயே, தெருவில் விசாரித்துக்கொண்டு இங்கே வந்துவிட்ட பொள்ளாச்சிக்காரர்கள் இவர்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளிய கிள்ளு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

நான்காம் வகுப்பைக் கூட்டி, ஈரப் பாய்களைச் சுருட்டி, பெஞ்சு போட்டார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகளின் பெஞ்சு. தாய்மாமனுக்கு முழங்கால் தாடையில் இடித்தது. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு. என் பட்டுச்சேலை பெட்டியோடு நனைந்துபோயிருந்ததால் கிளிப்பச்சைச் சேலையிலேயே போய் நின்றேன். என்னைச் சுற்றியும் ஜன்னலிலும் வாசலிலும் கிளிப்பச்சை. தாய்மாமன் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “இதுல நம்ம பொண்ணு யாருங்க?” என்றார்.

“கரண்டி வெச்சிருந்தாங்களே, அவங்கதானுங்க மாமா” என்றார் மாப்பிள்ளை.

யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குக்கூடத்தான். நிமிர்ந்து பார்த்தேன், அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அரைக் கரண்டிச் சோற்றுக்கு ஒரு வார்த்தை கோபப்படாத ஆள்.

அப்பாவுக்கோ சிரிக்கும் நிலைமை இல்லை. “கவர்மெண்டுல புறம்போக்கு நெலத்துல தகரக் கொட்டாய் போட்டுத் தர்றாங்களாமுங்க. அடுத்த வாரமே போயிருவோமுங்க. கல்யாணத்துக்குக் கொறை வெக்க மாட்டனுங்க” என்றார்.

“தகரமுங்களா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “வெயிலடிச்சாக் கொதிக்குமேங்க.” எழுந்தபோது, “போயிச் சொல்லி அனுப்பறமுங்க” என்றார்.

பெண் பெற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும், அது ‘வேண்டாம்’ என்பதன் மரியாதையான பெயர். வாசலில் நின்ற ஆபீஸ்காரர், வேண்டாங்க என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு போர்வையையும் கையில் திணித்து அனுப்பினார். அப்பா அந்தச் சின்ன பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். “நம்ம ஊடு நல்லாயிருந்திருந்தா” என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். எனக்கு அழுகை வந்தது. குழாயடிக்குப் போய், தட்டுக் கழுவுகிற சாக்கில் அழுதேன். மாப்பிள்ளை போய்விட்டாரே என்றும் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

தகரக் கொட்டகைக்குப் போனோம். வரிசையாக ஒட்டி ஒட்டி அடித்த தகரம். புயல் போனதும் வெயில் பழி வாங்குகிற மாதிரி அடித்தது. பத்து மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது, எல்லோரும் வேப்ப மரத்தடிக்கு வந்துவிடுவோம். அப்பளம் பொரிக்க அடுப்பே வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். நாள் போய்க்கொண்டே இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

ஒரு காலையில் டெம்போ ஒன்று வந்து நின்றது. டெம்போவின் தலைக்கு மேலே தெரிகிற அளவுக்குப் பச்சைத் தென்னந்தடுக்கு, கீற்றை முடைந்து அடுக்கியது. முன் சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். மேலேயிருந்து மாப்பிள்ளை குதித்தார்.

“ஆளக் காணோமேன்னு நெனச்சிருப்பீங்க” என்றார் அந்த அம்மாள், அப்பாவைப் பார்த்து. “தடுக்கு மொடையறதுக்கு நாளாயிப்போச்சுங்க. உங்க ஒரு ஊட்டுக்கு மட்டும் போட்டா அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாங்க? அதான் வரிசைக்கே மொடைஞ்சு கொண்டாந்தோமுங்க. தகரத்து மேல பரப்பிக் கட்டீட்டாக் குளுகுளுன்னு இருக்கும். பொண்ணு பொறப்படற ஊடு கொதிக்கக் கூடாது பாருங்க.”

அப்பா தோள்துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, முதல் தடுக்கை அவரே இறக்கினார். லைன்காரர்கள் எல்லோரும் ஏறினார்கள், மதியத்துக்குள் வரிசை முழுவதும் தகரம் மறைந்துவிட்டது.

நான் மோர் கொண்டுபோனேன். மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, டெம்போவுக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே சென்னிமலைப் போர்வை, மடிப்புக் கலையாமல்.

“இது எங்களுக்குச் சேர வேண்டியதில்லீங்க. ஊடு நல்லா இருக்கறவங்க வாங்கினா நீங்க உட மாட்டீங்கன்னு தெரியுமுங்க” என்றார்.

நான் அதை வாங்கவில்லை. மோரை மட்டும் கையில் கொடுத்தேன், இந்த முறை சொம்பு நிறைய.

“திருப்பி எடுத்துட்டுப் போங்க” என்றேன். “நான் அங்க வந்தா, போத்திக்க எனக்கு ஒண்ணு வேணுமில்லீங்க?”