மகளுக்காக நான் போட்ட கையெழுத்து

எங்கள் வீட்டில் டிவிக்கு ஒரு சட்டம் உண்டு. செய்தி பார்க்கலாம், கிரிக்கெட் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை பக்திப் பாட்டு கேட்கலாம். சீரியல் கூடாது. மாமியாருக்கு விஷம் வைக்க மருமகள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகிற கதையைச் சாப்பாட்டு நேரத்தில் எதற்குப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. போட்டி என்ற பெயரில் ஐந்து வயதுக் குழந்தைகளை இடுப்பை ஆட்டவிடும் நிகழ்ச்சிகளும் கூடாது. மனைவியும் மகளும் பல வருஷம் முணுமுணுத்தார்கள். பிறகு ஆளுக்கொரு போன் வந்தது, முணுமுணுப்பு நின்றது. அதற்கப்புறம் என் சட்டம் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் செல்லுபடியானது.

அந்தச் சட்டத்தால்தான் என் மகளைச் செய்தியில் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்து போராடுகிறார்கள் என்று காட்டினார்கள். ஓ.டி. இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காலையில் கம்பெனி பஸ் ஏறியவள், நீலக் கோட்டோடு தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மைக்கை அவளிடம் நீட்டினார்கள்.

"பாத்ரூம் போறதுக்குக்கூட டோக்கன் வாங்கிக்கினு போவணும் சார். அஞ்சு நிமிசத்துக்கு மேல ஆனா, உள்ள இன்னா பண்ணிக்கினு இருந்தன்னு சூப்பர்வைசர் எல்லார் எதிர்லயும் கேக்குறாரு."

பிசைந்த சோற்றைத் தள்ளிவைத்தேன். அந்த சூப்பர்வைசர் மேல் வர வேண்டிய கோபம் அப்போது வரவில்லை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஊரே பார்க்கும் டிவியில் என் மகள் பாத்ரூம் என்று சொல்லிவிட்டாளே என்றுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்ணூரில் இருக்கும் என் தங்கை பத்து நிமிஷத்தில் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

சாயங்காலம் வந்தவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நியூஸ் மட்டும்தான பாக்கலாம்னு சொல்ற? நான் நியூஸ்லதானப்பா வந்தேன்" என்றாள். மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

என் அரசியல் இதுதான். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். ஒரு நாளும் கொடி பிடித்ததில்லை. எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது பங்காளிகள் எல்லாம் தாசில்தார் ஆபீஸ் வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். கம்பெனி வந்தால் பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று சொன்ன ஒரே ஆள் நான். வேலை வந்தது. கூச்சல் போட்டால் அதே கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு வேறு மாநிலம் போய்விடும் என்றும் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். இலவசமாக எதையும் கொடுக்காதே, வேலையைக் கொடு என்று கேட்கிற ஆள் நான். குடும்பத்துக்காகப் பேசுவது குடும்பத் தலைவன். தேர்தல் வந்தால் நான் சொல்கிற சின்னத்துக்கு எங்கள் வீட்டின் மூன்று ஓட்டும் விழும். விழுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் என் மகளையும் இன்னும் சில பெண்களையும் சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்கடுத்த நாள் அவளுடைய கம்பெனி எச்.ஆரிலிருந்து எனக்கு போன். அப்பாவிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு போனேன். மகளிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை தப்பு செய்தால் தலைமை ஆசிரியர் அப்பாவைத்தானே கூப்பிடுவார், அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது.

எச்.ஆர். பையன் எழுந்து நின்று வணங்கினான். ஏ.சி. அறை, பிஸ்கட், டீ. "ஐயா, உங்க பொண்ணு நல்ல ஒர்க்கர். யாரோ பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போயிடக் கூடாதுன்னுதான் உங்களைக் கூப்பிட்டோம். நீங்க ஒரு லெட்டர் குடுத்தா மேனேஜ்மென்ட் மன்னிச்சிடும்" என்றான். கடிதம் ஏற்கெனவே டைப் செய்து தயாராக இருந்தது. என் மகள் சிலரது தூண்டுதலால் தெரியாமல் செய்துவிட்டாள், இனி இப்படி நடக்காது என்று தகப்பன் என்ற முறையில் உறுதி சொல்கிறேன் என்று இருந்தது. தகப்பன் என்ற முறையில் என்பதைப் படித்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"சிலர்னு போட்டிருக்கு, யாருன்னு தெரிஞ்சா நல்லாருக்கும் ஐயா" என்றான்.

சொன்னேன். ராமநாதபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, என் மகளோடு ஒரே லைனில் வேலை செய்தவள், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் இருந்தாள். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்கப்பா, எங்க ஊர்ல இம்புட்டுக் கம்மியா யாரும் சாப்புட மாட்டாக" என்று என் இலையில் பொங்கலை வைத்தவள். தகப்பன் கண்பார்வையில் இல்லாமல் ஹாஸ்டலில் இருக்கும் பெண், கேட்க ஆளில்லை, அவள்தான் என் மகளைக் கெடுத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். அவன் அந்தப் பெயரைப் பேனாவால் இடையில் எழுதினான். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

என் மகளை மட்டும் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். மற்ற பெண்களுக்கு விசாரணை என்றார்கள். அந்த ராமநாதபுரத்துப் பெண்ணை வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள். என் கடிதத்தின் நகலை அவள் கையில் கொடுத்து, உன் தோழியின் அப்பாவே சொல்கிறார் பார் என்றார்களாம்.

அந்தச் செய்தி லைனில் பரவிய அன்று என் மகள் வேலைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தாள். நான் நைட் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டுத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாப்பா எழுதிக் குட்த்த நீ?"

"உனுக்காகத்தாம்மா. வேலை போச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"அவ நம்ம வூட்ல சாப்ட்டாப்பா. உன்ன அப்பான்னு கூப்ட்டா." குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. "லைன்ல என்னிய எல்லாரும் ஒரு மாரி பாக்குறாங்க. நான் காட்டிக் குட்த்து உள்ள வந்தேன்னு நெனைக்கிறாங்க. நான் இன்னான்னு சொல்லட்டும்? எங்கப்பா போட்டாருன்னா?"

நான், "அப்பா போடாம யாரு போடுவாங்க?" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தரம் நினைத்து நினைத்துச் செத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வாரமே ஒரு பையோடு கிளம்பினாள். எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. பழைய நம்பர் வேலை செய்யவில்லை. மனைவியிடம் புது நம்பர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள் துணி உலர்த்துகிற சாக்கில் மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வருவாள். கேட்டால் கொடுக்க மாட்டாள் என்று பயந்து நான் கேட்கவே இல்லை.

அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கப் போனேன். இரண்டு நாள் செக்யூரிட்டி ரூமோடு சரி. மூன்றாம் நாள் அதே எச்.ஆர். பையன் கேட்டுக்கு வந்தான். "அதெல்லாம் ஃபைல்ல போயிடுச்சு ஐயா. உங்க லெட்டர் எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு" என்றான். மனதாரத்தான் சொன்னான். நான் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட நான் ரோட்டில் அழுதவன் இல்லை.

இப்போது வீட்டில் எந்தச் சட்டமும் இல்லை. மனைவி சாப்பாட்டு நேரத்தில் சீரியல் வைக்கிறாள், நானும் பார்க்கிறேன். குப்பைதான், அதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்த வீடுகளில் அப்பாவும் மகளும் வாய்க்கு வாய் சண்டை போட்டுக்கொண்டாவது இருக்கிறார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே அப்பாவைத் திட்டினால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இப்படி ஒரு கேவலமான நிலைக்கு ஒரு மனுஷன் வர முடியுமா என்று எனக்கே விளங்கவில்லை.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க அங்கன்வாடி டீச்சர் வந்தது அப்படிப்பட்ட நாட்களில் ஒரு காலையில்தான். ஆளுக்கொரு படிவம். எனக்கும் மனைவிக்கும் முடிந்தது. மூன்றாவதாக என் மகளுடையதை எடுத்தார். பழைய போட்டோவில் ரெட்டை ஜடையோடு இருந்தாள்.

"பாப்பா ஊர்ல இல்லியாண்ணே?"

"வேலைக்குப் போயிருக்கு."

"அப்ப நீங்களே கையெழுத்துப் போட்டுடலாம். வூட்ல யார்னா ஒருத்தர் போட்டாப் போதும். போடலன்னா பேரு தூக்கிடுவாங்க." பேனாவை என் பக்கம் நீட்டினார். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் நீட்டியிருப்பார்.

போட்டால் மறுபடியும் அவளைக் கேட்காமல் அவளுக்காகப் போட்டவன் ஆவேன். போடாவிட்டால் என் வீட்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டவன் ஆவேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியைப் பார்த்து, "அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லேன்" என்றேன்.

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வேப்ப மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள். டீச்சர் அடுத்த வீட்டுக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் ஒருவேளை என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்வாளோ என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மனைவி போனை இடுப்பில் செருகிக்கொண்டே உள்ளே வந்தாள். "பேரு இங்கியே இருக்கட்டுமாம்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "ஆனா நீங்க போட வேணாமாம். என்னியப் போடச் சொல்லுது."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவை அவளிடம் நகர்த்திவைத்தார். என் மனைவி எட்டாவது வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் தாய் என்று எழுதினாள்.

"மொபைல் நம்பரும் போட்ருங்கக்கா, பாப்பாவோடது" என்றார் டீச்சர்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டு, பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாமல் எழுதுகிற பிள்ளையைப் போல அந்த எண்ணை எழுதினாள். எழுதி முடித்ததும் மடித்து டீச்சரிடம் கொடுத்தாள். நான் டீச்சருக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து உள்ளே போனேன்.