பலகையைப் பிடித்த காற்று

கீழ்வேளூருக்கு வெளியே, முன்பு உரமூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு கொட்டகையில் எங்கள் மரவேலைப் பட்டறை இருக்கிறது. பதினோரு வருடம் வளைகுடாவில் கடைகளுக்கு உள்வேலை செய்யும் தச்சனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, சேமிப்பில் பழைய சி.என்.சி. ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். நாலடிக்கு நாலடி மேஜை. கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை வாங்கிக்கொண்டு, சுழலும் பிட்டை மேஜைமேல் தானே நகர்த்தி மரத்தை வெட்டும் மெஷின் அது. படம் வரைவது என் மனைவி. ஓட்டுவது நான்.

கதவுக்குப் பூவேலை செய்கிற வரை ஒரு தொந்தரவும் இல்லை. தேக்குப் பலகை தன் கனத்திலேயே உட்கார்ந்திருக்கும். நாலு மூலையிலும் கிளாம்ப் போட்டால் போதும். நாகூரிலிருந்து ஒருவர் வந்து ஜன்னல்களுக்கு ஆறு தடுப்பு கேட்டதில்தான் ஆரம்பித்தது. நாலு மில்லிமீட்டர் பிளைவுட்டில், ஒன்றோடொன்று கோத்த நட்சத்திரங்களாகத் துளையிட்ட தடுப்பு. நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு முன்னால் வேண்டும் என்றார். மனைவி இரண்டு நாள் உட்கார்ந்து அழகாக வரைந்தாள்.

மெல்லிய பலகையை ஓரத்தில் மட்டும் பிடித்தால், எண்ணெயில் போட்ட அப்பளம் போல நடுவில் எழும்பிக்கொள்கிறது. முதல் தடுப்பு பாதி ஆகும்போது பலகை மேலே வந்து பிட்டில் மாட்டியது. டப்பென்று ஒரு சத்தம். ஒடிந்த பிட்டின் நுனி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவியின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, அலமாரிச் சட்டத்தில் குத்தி நின்றது.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்திருக்க வேண்டும், கையை எடுத்துக்கொண்டாள்.

"இத எப்படிப் புடிச்சு வைக்கிறதுன்னு மொதல்ல கண்டுபுடிங்க. அதுவரைக்கும் நான் உள்ள வர மாட்டேன். படம் வேணும்னா வீட்லேருந்தே அனுப்புறேன்."

இருபக்க டேப் ஒட்டிப் பார்த்தேன். வெட்டுவது சரியாக வந்தது, உரிக்கும்போது நட்சத்திரங்களைக் கோக்கும் மெல்லிய காம்புகள் டேப்போடு வந்துவிட்டன. ஆணி அடிக்க அந்தப் படத்தில் இடமே இல்லை. எதுவும் தொடாமல் ஒரு பலகையைப் பிடித்து வைக்க வேண்டும். அது எப்படி என்று சாப்பிடும்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

விடை வாய்க்காலில் இருந்தது. சம்பாவுக்குத் தண்ணீர் இறைக்கும் நாட்கள். எங்கள் வயலைக் குத்தகைக்குச் செய்கிறவரின் ஆயில் இன்ஜின் திணறுகிறது என்று போய்ப் பார்த்தேன். தண்ணீருக்குள் கிடந்த உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு காலி சிமெண்ட் சாக்கு அப்பியிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. கரையில் நின்றவர் பொறுமையாகச் சொன்னார்.

"இன்ஜின நிறுத்தினாத்தாங்க வரும்."

நிறுத்தினார். சாக்கு தானாகக் கழன்று மிதந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். கயிறில்லை, ஆணியில்லை, பசையில்லை. எது பிடித்திருந்தது இதை?

தேடிப் பார்த்தபோது, பெரிய தொழிற்சாலைகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தது. மேஜைக்கடியில் காற்றை உறிஞ்சிவிட்டால் பலகை மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்கான பம்பு என் மெஷினைவிடப் பெரியதாக இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தைப் படித்துவிட்டு நம்ப முடியாமல் இருந்தேன். மேஜையின் மேல்தட்டுக்கு எம்.டி.எஃப். பலகையையே போடலாமாம். துளை போட வேண்டாமாம். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை என்பதால் அதற்குள்ளேயே காற்று போகுமாம். இருபது வருடமாக அந்தப் பலகையை அறுக்கிறேன், அது மூச்சு விடும் என்று எனக்குத் தெரியாது.

சோதித்துப் பார்த்துவிட முடிவு செய்தேன். தடித்த பிளைவுட்டில் காற்று ஓடச் சதுரம் சதுரமாகக் காடிப் பள்ளம் எடுத்து, அதன்மேல் எம்.டி.எஃப். பலகையை ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன்பே பலகையின் இரண்டு முகத்திலும் பளபளப்பான தோலை ரவுட்டராலேயே சீவியிருந்தேன். ஓரங்களில் மரப்பசை பூசி அடைத்தேன். அடியில் துளையிட்டு வீட்டு வாக்குவம் கிளீனரின் குழாயைச் செருகினேன். சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பலகைக்கு மேலே நீட்டினேன்.

புகை மேலே போகவில்லை. வளைந்து கீழே இறங்கிப் பலகைக்குள் போனது. கையை வைத்தால் வெறும் மரம். புகைக்கு மட்டும் அதில் வழி இருந்தது. ஊதுபத்தி பாதி எரியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளைவுட் துண்டு ஒன்றை வைத்ததும் ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம் பிடித்திருந்தது. பிறகு ஒரு கருகல் வாடை. அந்த மோட்டாரைக் குளிரவைப்பதே அது உறிஞ்சும் காற்றுதான் என்பதும், வழியை அடைத்தால் வெந்துபோகும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அது என் மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து தன் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, கொண்டுவந்த கிளீனர். அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் பின்பக்கத்து வீட்டுக்காரம்மா. பட்டறையின் பின்சுவரும் அவருடைய மாட்டுக்கொட்டகையின் சுவரும் ஒன்றுதான். அவருடைய தாத்தா காலம்வரை அந்தக் குடும்பம் பிறர் வயலில் கூலி வேலை செய்தது. இவர் ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர் வரும், குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறார், மூன்று மாடு வைத்திருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர்.

"என்ன அண்ணே கருகுது?"

சொன்னேன். மேஜையைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து அடியில் இருந்த குழாயைப் பார்த்தார்.

"காத்த இழுக்கணும், அவ்வளவுதானே? எங்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்குது."

அது பால் கறக்கும் மெஷின். வரப்பில் வழுக்கி விழுந்து அவருக்கு மணிக்கட்டு ஒடிந்த வருடம் வாங்கியது. சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். மடியில் மாட்டும் கப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரையும் பம்பையும் இருவரும் தூக்கி வந்தோம். பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. காற்று வந்தாலும் வராவிட்டாலும் கவலைப்படாமல் ஓடும் பம்பு. எண்ணெய் சொட்டும் சின்னக் குப்பி. எவ்வளவு இழுக்கிறது என்று முள் காட்டும் கேஜ்.

ஆனால் மாட்டி ஓடவிட்டபோது முள் அசையவே இல்லை. பம்பு பழுதாக இருக்கும் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது.

"பம்பச் சொல்லாதீங்க. மாட்டுக்கு நாலு காம்பு, நாலு கப்பு. அதுல ஒண்ணு கழண்டு தொங்கினாலே மத்த மூணும் நிக்காது. தொங்குறத மடக்கி மூடிரணும். உங்க மேஜை பூரா தொறந்து கெடக்குது. ஒரு ஓரத்துல இத்துனூண்டு பலகைய வச்சிருக்கீங்க."

மூட என்ன இருக்கிறது என்று தேடினோம். மழைக்காகக் கூரை ஓட்டையில் கட்டியிருந்த பழைய ஃபிளெக்ஸ் பேனர் கிடைத்தது. திருக்கடையூரில் யாரோ செய்துகொண்ட அறுபதாம் கல்யாணத்துக்கு வைத்தது. மாலையும் கழுத்துமாக இருந்த தம்பதியை மேஜைமேல் விரித்தோம். விரித்த நொடியில் மடிப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. படத்தில் இருந்த பெரியவரின் சட்டைச் சுருக்கம்கூட மறைந்தது. முள் சரசரவென்று ஏறியது.

அதற்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. மேஜையை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய், தனி வால்வு வைத்தேன். பலகை இருக்கும் பாகத்தை மட்டும் திறந்தால் போதும். கடையில், உள்ளே உருண்டை வைத்த அந்த வால்வைக் கேட்கும்போது பின்வீட்டுக்காரம்மாவும் கூட இருந்தார். கடைக்காரர் "பால் வால்வு நாலா?" என்று கேட்க, "பேருலயே பால் இருக்கு பாருங்க, இங்க வந்தும் மாடு விடல" என்றார்.

எங்கோ இன்னும் கசிந்தது. சைக்கிள் டியூப்புக்குச் செய்வதுபோல் சோப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தேன்.

"அது காத்து வெளிய வந்தாத்தானே குமிழி விடும். இது உள்ளயில்ல இழுக்குது. காத வச்சுக் கேளுங்க."

அவரே மண்டியிட்டு, குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் காதை வைத்தார். மூன்றாவது முனையில் நிறுத்தினார். நானும் வைத்துக் கேட்டேன். பல்லிடுக்கில் காற்று இழுக்கிற மாதிரி மெல்லிய சத்தம்.

அதை அடைத்த பிறகு ஒரு பிளைவுட் தாளை வைத்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். அசையவில்லை. அந்த நேரம் மனைவி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள்.

"கீழேருந்து எப்படிப் புடிச்சு இழுக்குது பாருங்க அண்ணி" என்றார் பின்வீட்டுக்காரம்மா.

"கீழ எங்க இழுக்குது? கீழதான் ஒண்ணும் இல்லியே" என்றாள் மனைவி. "மேல இருக்குற காத்துதான் அமுக்குது. எப்பவும் அமுக்கிக்கிட்டேதான் இருக்கு. கீழேயும் அதே காத்து இருக்குறதால தெரியறதில்ல."

கேஜ் காட்டும் எண்ணை வாசலிலிருந்தே கேட்டு, போனில் கணக்குப் போட்டாள். ஒரு சதுர அடிக்குக் கிட்டத்தட்ட ஐந்து நெல்மூட்டைக் கனம் வந்தது. நாங்கள் இழுத்த தாள் நாலு சதுர அடி.

 பின்வீட்டுக்காரம்மா உள்ளங்கையைத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நம்ம தலமேலயும் மூட்ட நிக்குதா அண்ணி?"

"நிக்குது."

மூவரும் கூரையைப் பார்த்தோம். அன்றைக்கு மனைவி உள்ளே வந்தாள்.

நாகூர் வேலையை மறுபடி ஆரம்பித்தோம். மனைவி கம்ப்யூட்டரில், நான் நிறுத்தும் பொத்தானில் கை வைத்தபடி, அவர் கேஜ் முன்னால் ஒரு முக்காலியில். முதல் பத்து நட்சத்திரம் அருமையாக வந்தது. ஆனால் ஒவ்வொரு நட்சத்திரமும் பலகையில் ஒரு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் காற்று. "எறங்குதுண்ணே... இன்னும் எறங்குது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நிறுத்துவதற்குள் பலகை ஒரு நூலளவு நகர்ந்துவிட்டது. அந்தத் தடுப்பு வீண்.

வழி சொன்னது மனைவி. முழுதாக அறுக்காதீங்க என்றாள். அடியில் காகிதக் கனத்துக்கு ஒரு தோலை விட்டுவிட்டு நிறுத்தினால் ஓட்டையே விழாது. கடைசியில் பலகையைத் திருப்பி உப்புத்தாள் போட்டால் தோல் போய்விடும். படத்தில் ஆழத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தாள். தூள் பம்புக்குள் போகாமலிருக்க, குழாய்க்கு நடுவே ஒரு பழைய எவர்சில்வர் பால் கேனை வைத்தோம். அதுவும் பின்வீட்டு யோசனைதான்.

அடுத்த தடுப்பு முடிகிற வரை முள் வைத்த இடத்திலேயே நின்றது. பலகையைத் திருப்பி உப்புத்தாளை இழுத்தேன். தோல் பொடியாகிப் பறக்க, நட்சத்திரங்கள் வரிசையாகத் திறந்தன. பின்னலில் ஒரு காம்புகூட உடையவில்லை. பால் கேனைத் திறந்தால் அடியில் ஒரு கைப்பிடி தூள், சலித்த மாவு மாதிரி.

கந்தூரிக்குப் பத்து நாள் முன்னால் ஆறு தடுப்பையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டினோம். நாகூர்க்காரர் பலகை முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு ஆணித் தடம்கூட இல்லியே. எதால புடிச்சு வெட்டுனீங்க?"

"காத்துதாங்க."

தொழில் ரகசியத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிரித்துவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார்.

பம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அப்போதுதான், அது ஏன் மூடிக் கிடந்தது என்று பின்வீட்டுக்காரம்மா சொன்னார். பக்கத்தில் அந்த மோட்டார் ஓடினால் பெரிய மாடு பாலை அடக்கிக்கொள்ளுமாம். கைக்கு விடும் பாலை மெஷினுக்கு விடாதாம். நான் நடுவில் இருந்த சுவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பம்பு என் பக்கமே இருக்கட்டும் என்று முடிவானது. சுவரில் துளை போட்டு ஒரு குழாயை அந்தப் பக்கம் விட்டோம், அதற்கும் ஒரு வால்வு. காலையில் அவர் கறக்கிறார், ஒன்பது மணிக்கு மேல் நான் வெட்டுகிறேன். முதல் நாள் மாடு காதை மட்டும் ஒருமுறை திருப்பியதாகவும், பிறகு தீவனத்தில் வாயை வைத்துவிட்டதாகவும் சொன்னார். பால் தடையில்லாமல் இறங்கியதாம்.

இப்போது எங்களுக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. அடைமழை நாட்களில், ஒரு பாகத்தை மட்டும் திறந்து, அதன்மேல் எதுவும் வைக்காமல் ஓட்டினாலே முள் கொஞ்சம் கூடுதலாக ஏறுகிறது. வெயில் நாளில் அந்த அளவு ஏறுவதில்லை. ஈரத்தில் பலகை ஊதி அதன் கண்கள் அடைபடுகின்றன என்பது என் எண்ணம். ஈரத்தில் குழாய் இணைப்புகளின் ரப்பர் இளகி நன்றாக மூடுகிறது என்கிறார் அவர், கறவை மெஷினில் பார்த்திருக்கிறாராம். மனைவி இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு மாதமாவது எழுதிப் பாருங்கள் என்கிறாள். அதனால் காலையில் பால் கறந்து முடித்ததும் அவர் இந்தப் பக்கம் வந்து, முள் நிற்கும் எண்ணைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதுகிறார். மழை பெய்த நாளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. இதுவரை பதினேழு எண்கள், ஒன்பது புள்ளிகள். யார் சொல்வது சரி என்று இன்னும் சொல்ல முடியவில்லை.