வாசலில் நின்ற கூரியர்காரர்

காலையிலிருந்து, மலை ஊரான ஜெகதளாவில், எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை நிற்கிறது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

பத்து மணிக்கு ஒரு போன்.

"மேடம், கூரியர். உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். போனுக்கு வந்த ஓடிபி சொல்லுங்க."

ஸ்வெட்டர் ஆர்டர் செய்திருந்தேன். அதனால் ஆறு எண்ணில் நான்கைச் சொல்லியும்விட்டேன். அப்புறம்தான் ஜன்னல் வழியே பார்த்தேன். காட்டெருமை மட்டும்தான் நின்றது.

"ஏனுங்க, பக்கத்துல காட்டெருமை நிக்குதே, உங்களுக்குப் பயமில்லீங்களா?"

"அது ஒண்ணும் பண்ணாது மேடம். தட்டிக் குடுத்துட்டேன். மீதி ரெண்டு நம்பரைச் சொல்லுங்க."

போனை வைத்து, அந்த எண்ணை பிளாக் செய்தேன்.

காட்டெருமை இன்னும் நகரவில்லை. விரட்ட யாரும் வர வேண்டாம். இன்று எங்கள் வீட்டுக்கு அதுதான் வாட்ச்மேன்.