எட்டுப் பேர் போகிற டிங்கி

முதலாளி எட்டு விரல்களை மடக்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஊர் வீடு. தை மாதம். வெளியே சம்பா அறுக்கிற மிஷின் சத்தம். சாப்பாட்டு மேஜையில் நான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டிங்கிப் படப்புத்தகங்கள் நாலைந்து விரிந்து கிடந்தன. மகன்களில் பெரியவன், அவன் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். சின்னவன், அவன் மனைவி, அவர்களுடைய பெண் குழந்தை என்று ஒவ்வொரு விரலாக மடக்கினார். கடைசி விரலால் தன் நெஞ்சைத் தொட்டுவிட்டு அதையும் மடக்கிக்கொண்டார். "எட்டு பேர் போற மாதிரி பாருப்பா" என்றார்.

டிங்கி என்றால் நம் பக்கத்தில் தெரிந்திருக்க நியாயமில்லை. பெரிய சொகுசுப் படகு ஆழமில்லாத இடத்துக்குப் போனால் தரை தட்டும். மணல் திட்டிலோ கரையிலோ போய் இறங்க, ஓரம் முழுக்கக் காற்றடைத்த சின்னப் படகு ஒன்றைக் கிரேனால் தூக்கிப் பின்னால் ஏற்றி வைத்திருப்பார்கள். அதுதான் டிங்கி. முதலாளி வளைகுடாவில் நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவர். மனைவி இறந்த பிறகு அப்படி ஒரு சொகுசுப் படகு, மோட்டார் யாட், வாங்கினார். அதை ஓட்ட, கழுவ, எஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். என் அப்பா அவருடைய அப்பாவின் வயலில் வேலை பார்த்தார், நான் அவருடைய படகில் வேலை பார்த்தேன். பெரிய முன்னேற்றம்தான் என்று சிநேகிதர்கள் கேலி செய்வார்கள். சம்பளத்தைச் சொன்னால் கேலி நின்றுவிடும்.

பழைய டிங்கி பிளாஸ்டிக் துணியில் செய்தது. அந்த ஊர் வெயிலில் ஒட்டு விட்டுப்போயிற்று. புதிது ரப்பர் துணியாக இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் மாற்றுப் பேச்சே இல்லை. அடிப்பாகமும் கெட்டியாக வேண்டும். காற்றடைத்த அடியைச் சுருட்டி வைக்கலாம், ஆனால் அலையில் துவளும். அதையும் தலையாட்டி ஒப்புக்கொண்டார். மிச்சம் இருந்தது எத்தனை பேருக்கு என்பது மட்டும்தான்.

அந்த வீட்டுக்குள் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. "உக்காருப்பா, ஏன் நிக்கிற" என்று அவரே இழுத்துப் போட்டார். நுனியில் உட்கார்ந்தேன். படகில் 'சார்' என்று கூப்பிட்டுப் பழகிய வாய் இங்கே தானாக 'ஐயா' என்றது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த எட்டு விரலில் நான் இல்லை, அதுதான் விஷயம். டிங்கியை ஓட்டப்போகிறவன் நான். அவர் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார், ஞாபகம் வந்திருக்காது. ஞாபகம் வராததுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஓட்டுறவன் எங்கங்க ஐயா உக்காருவான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தால் அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்திருப்பார். நான் கேட்கவில்லை. பாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"எட்டு பேர் படகுன்னா எஞ்சினோட சேத்து நம்ம கிரேன் தூக்காதுங்க ஐயா."

"வேற கிரேன் மாட்டிக்கலாமே?"

"மாட்டலாம். படகு பின்பக்கம் தாழ்ந்துடுங்க. டிங்கியும் ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்கும். பக்கத்துப் படகுக்காரன் சண்டைக்கு வருவான்."

"வேற வழியே கெடையாதா?"

"இல்லீங்க."

ஒரு வழி இருந்தது. டிங்கியை மேலே ஏற்றாமல், கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம். நாங்கள் போகிற மணல் திட்டு கரையோரமாக ஒரு மணி நேரத் தூரம், பெரிய அலை கிடையாது. எங்கள் துறைமுகத்திலேயே பலர் அப்படித்தான் செய்தார்கள். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. போதாததற்கு இதையும் சொன்னேன். "இந்த அஞ்சு வருஷத்துல அவங்க யாரும் வந்ததில்லீங்களே ஐயா. நீங்களும் நானுந்தான். நாலு பேர் படகு தாராளம்."

அவர் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்து, அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவும் சரிதான்" என்றார். அந்த நிமிஷம் எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

நாலு பேர் டிங்கி வந்தது. குறை சொல்ல முடியாத படகு. வெள்ளிக்கிழமைகளில் யாட்டைத் திட்டுக்கு எதிரே நிறுத்திவிட்டு இரண்டு பேரும் அதில் போவோம். அவர் முன்னால், நான் எஞ்சின் பக்கம். திரும்பிப் பார்க்காமலே பேசுவார். மேட்டூர் திறந்தாச்சா, கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா, உங்க அண்ணன் இந்த வருஷம் குறுவை போட்டானா என்று. மகன்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். மணலில் இறங்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். நான் டிங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கும் ஊரில் மனைவி இருந்தாள், போனில் மட்டுமே அப்பாவைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண் இருந்தாள். இரண்டு தனியாட்கள் ஒரே படகில் போனால் தனிமை பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது ஆளுக்கு ஒன்றாகவே இருக்கும்.

டிங்கி வாங்கிய மூன்றாவது வருஷம் எல்லோரும் வந்தார்கள். கனடாவிலிருந்து பெரியவன் குடும்பம், லண்டனிலிருந்து சின்னவன் குடும்பம், ஏழு பேரும். முதலாளி அன்று காலை ஐந்து மணிக்கே துறைமுகத்துக்கு வந்து காத்திருந்தார். மணல் திட்டுக்கு எதிரே நங்கூரம் போட்டேன். கடல் வற்றுகிற இரண்டு மணி நேரம்தான் அந்த மணல் வெளியே தெரியும், பிறகு மூடிவிடும். என்னை விட்டால் ஒரு நடைக்கு மூன்று பேர். முதல் நடையில் பெரிய மருமகளும் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். இரண்டாவதில் பெரியவனும், சின்ன மருமகளும், குழந்தையும். லைஃப் ஜாக்கெட் மாட்ட, ஏறப் பயந்த குழந்தையைச் சமாதானம் செய்ய என்று நேரம் ஓடியது. மூன்றாவதில் சின்னவனும் முதலாளியும் ஏற வேண்டும். ஆனால் சாப்பாட்டுப் பெட்டி, குடை, மடக்கு நாற்காலிகள் எல்லாம் கிடந்தன. "சாமானை ஏத்திக்க தம்பி. நான் அடுத்த நடைல வர்றேன்" என்றார் முதலாளி என்னிடம்.

சாமானை இறக்கி முடிப்பதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. காலில் அலை பட்டுக் குழந்தை அழுதது. "போதும், கிளம்பிடலாம். பசங்கள முதல்ல கொண்டு விட்டுடுங்க" என்றான் பெரியவன். சாப்பாட்டுப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

பிள்ளைகளோடு யாட்டை நெருங்கினேன். முதலாளி பின்பக்கத் தளத்தின் விளிம்பில் நின்றிருந்தார். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். செருப்புகள் கையில் இருந்தன. நான் திரும்பி வந்தது தன்னை ஏற்றிக்கொள்ளத்தான் என்று நினைத்து ஒரு காலை முன்னால் வைத்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். செருப்பைக் கீழே போட்டுவிட்டு, ஒவ்வொருவராகத் தூக்கி மேலே விட்டார். "தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சா?" என்று கேட்டார். அவர்கள் ஏசி அறைக்குள் ஓடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மகன்கள் வந்தது அவரை எடுக்கத்தான். ஊருக்குக் கொண்டுவந்துதான் எரித்தோம். இப்போது நானும் ஊரோடு வந்துவிட்டேன், சம்பாதித்து வாங்கிய கொஞ்சம் நிலத்தைப் பார்க்கிறேன். என் பெண் சிங்கப்பூரில் இருக்கிறாள். பிரசவம் பார்க்கப் போன மனைவியும் பேரனை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே இருக்கிறாள். வயலுக்குப் போகும்போது முதலாளி வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மழைக்கு நனையாமல் பூட்டுக்கு யாரோ பிளாஸ்டிக் பை கட்டியிருக்கிறார்கள்.

எல்லோரும் வந்த அந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி இருக்கிறது. சாயங்காலம் எல்லோரும் காரில் ஏறிப் போன பிறகு நான் டிங்கியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். கோபமாகக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் ஏதாவது வழியை மறந்துபோயிருப்பேனோ என்று, என்மேல் நம்பிக்கை வைத்துத்தான் கேட்டார்.

"பெரிய படகுக்கு வேற வழியே இருந்திருக்காதுல்ல, தம்பி?"

நான் குழாயை நிறுத்தினேன்.

"இல்லீங்க" என்றேன்.