எதிர்வீட்டு அலமாரியில் என் பாதம்

எதிர்வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கும் பாதம் என்னுடையது. இறந்துபோன தன் தாயின் பாதம் என்று நம்பி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்த பெண்மணி ஒருவர் தினமும் அதில் நெற்றி பதித்து வணங்குகிறார்!

சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் எதிர்வீட்டில் இல்லை.

கொல்கத்தா நியூ டவுனில், ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். கணவருக்கு மத்திய அரசு வேலை, மாற்றலில் வந்தோம். பகலெல்லாம் தனிமை. அதைத் தீர்க்க நான் பிடித்துக்கொண்டது, காற்றிலேயே காய்ந்து இறுகும் களிமண். சூளை வேண்டாம், அடுப்பு வேண்டாம். பாக்கெட்டைப் பிரித்துப் பிசைந்தால் போதும். சுவரில் மாட்டும் தாமரை, அகல் வைக்கும் தட்டு, சாவி மாட்டும் பலகை, கண்ணாடிச் சட்டம்... எங்கள் மாடியில் என் கைவேலை இல்லாத வீடே இல்லை. அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. அதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்வீட்டுக்காரர் ஷிகாதி. ‘தி’ என்றால் இங்கே அக்கா. என் பெயர் வாணி. வங்காளிகள் வாயில் அது பாணி. படுத்த படுக்கையாகக் கிடந்த ஷிகாதியின் அம்மாவை நான் மாசிமா என்று கூப்பிடுவேன். அம்மாவின் வலது பாதத்தைக் களிமண்ணில் பதித்து ஒரு தட்டாகச் செய்து தரும்படி ஷிகாதி ஒருநாள் கேட்டார். நானே போய் அந்தப் பாதத்தை ஏந்தி ஈர மண்ணில் அழுத்தினேன். மாசிமா கூச்சம் தாங்காமல் சிரித்தார்.

அது மழைக்காலம். இந்த மண் மெதுவாகத்தான் காய வேண்டும். மெல்லிய துணி போர்த்தி, காற்று நேராகப் படாமல், திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். தெரியாதவளா நான்? ஆனால் எங்கள் வளாகத்துத் துர்கா பூஜையில் கடை போட ஆசைப்பட்டிருந்தேன். அதற்கு என் மேசை காலியாக வேண்டும். மாசிமாவின் பாதத்தைத் தூக்கி மின்விசிறிக்கு நேர் கீழே வைத்து, முழு வேகத்தில் சுழல விட்டேன்.

மாலையில் பார்த்தால் ஓரங்கள் சுருண்டு, குதிகாலிலிருந்து விரல்வரை வெடித்திருந்தது! மண்ணைக் கரைத்துப் பூசினேன். ஈரப்பஞ்சால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க விரல் தடங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து, கடைசியில் வழவழவென்று ஒரு வெற்றுத் தட்டுதான் கையில் மிஞ்சியது.

“இதுக்குப் போயி இப்படி உக்காந்திருக்கியே! நேரா போய்ச் சொல்லு. இன்னொரு தடவ பதிச்சுக்கிட்டா முடிஞ்சுது” என்றார் கணவர்.

எதிர்க்கதவு பத்தடி தூரம். மாசிமா அங்கேதான் இருந்தார். பத்து நாட்கள் இருந்தார்! ஏன் போகவில்லை நான்? நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். பாணிக்கு வராத கைவேலையே இல்லை என்று மாடி முழுக்கச் சொல்வார்களே, அதை இழக்க மனம் வரவில்லை. ஷிகாதி கேட்கும்போதெல்லாம், மழையில் இன்னும் காயவில்லை என்றேன். மழையும் எனக்குச் சாதகமாகப் பெய்துகொண்டே இருந்தது.

பதினோராம் நாள் காலையில் மாசிமா போய்விட்டார்.

இந்த ஊரில் ஒரு வழக்கம். உடலை எடுப்பதற்கு முன் பாதங்களில் ஆல்தா தடவி, வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்துக்கொள்வார்கள். ஆல்தா என்பது நம் செம்பஞ்சுக் குழம்பு. அந்தச் சிவப்புத் தடத்தைச் சட்டம் போட்டு மாட்டிக் காலமெல்லாம் வணங்குவார்கள். அன்றும் மாடிப் பெண்கள் ஆல்தா புட்டியும் தாளும் கொண்டுவந்தார்கள். ஷிகாதி கையைக் காட்டித் தடுத்தார்.

“வேண்டாம். அம்மா காலு என்கிட்ட இருக்கு. பாணி மண்ல எடுத்து வச்சிருக்கா” என்றவர் என் பக்கம் திரும்பினார். “காஞ்சிருச்சில்ல, பாணி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாள் இன்னும் ஒருத்தியின் கையில் இருந்தது. போர்த்திய துணிக்கு வெளியே மாசிமாவின் பாதங்கள் தெரிந்தன. ஒரு வாக்கியம் போதும்... மண் கெட்டுவிட்டது, தாளில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம்!

நான் தலையாட்டினேன்.

மண் வெடித்தது என் அவசரம். அதை மன்னிக்கலாம். ஆனால் அந்தத் தலையாட்டல்? அந்தப் பாதங்களைத் தகனத்துக்கு அனுப்பி வைத்தவள் நான்தானே?

அவர்கள் மயானத்துக்குப் போயிருந்த மதியம் என் வீட்டுக் கதவைத் தாழிட்டேன். புது மண்ணைப் பிசைந்து பரப்பி, என் வலது காலை அதில் வைத்து அழுத்தினேன். பல்குத்தும் குச்சியால் குதிகால் வெடிப்புகளைக் கீறினேன். முதுமையின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக வரைந்தேன். எவ்வளவு தத்ரூபம் என்று ஒரு கணம் எனக்கு என்மேலேயே பெருமை வந்தது. ஆம், பெருமை! இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. பழைய தட்டையே சரிசெய்துவிட்டேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த முறை துணி போர்த்தி, பொறுமையாகக் காய வைத்தேன். ஒரு கீறலும் விழவில்லை.

சிராத்தத்தன்று கொடுத்தபோது ஷிகாதி அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். என் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் சாய்ந்தே இருக்கும், பிறவியிலேயே அப்படி. அந்த இடத்தைத் தடவித் தடவி, “அம்மாவோட சுண்டுவிரல்...” என்றார். மாசிமாவின் சுண்டுவிரல் நேராக இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்று முதல் அவர் வீட்டில் நான் வெறுங்காலோடு நடந்ததில்லை. கொல்கத்தாவின் வேர்வைக் காலத்தில், எல்லோரும் புழுங்கிச் சாகும்போது, நான் மட்டும் காலுறையோடு, இவர்கள் சொல்லும் மோஜாவோடு! வெடிப்புக்கு மருந்து போட்டிருக்கிறேன் என்பேன். போகாமலும் இருக்க முடியாது; மாலை ஐந்துக்குத் தேநீரோடு காத்திருப்பார். அலமாரிக்கு எதிரே இருக்கும் நாற்காலிதான் எனக்கு.

இரண்டு வருடம் கழித்து விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. நான் அழுதேன். ஊரைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை... விடுதலை!

புறப்பட நான்கு நாள் இருக்கையில் ஷிகாதி கூப்பிட்டார். தரையில் ஆல்தா கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“சுமங்கலி இந்த வீட்டுலேருந்து வெறுங்காலோட போகக்கூடாது. மோஜாவக் கழட்டு.”

“வெடிப்பு இருக்கு ஷிகாதி, பாக்க நல்லா இருக்காது.”

“இருக்கட்டுமே! நான் என்ன அசலா?”

அவரே இழுத்துக் கழற்றினார். என் வலது காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சைத் தோய்த்து ஓரமாகச் சிவப்பிட்டுக்கொண்டே வந்தார். சுண்டுவிரலில் கை நின்றது. விரல் நுனியால் தடவினார். அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி என் காலைப் பார்த்தார்.

மாட்டிக்கொண்டேன். முடிந்தது. நம்புங்கள், அந்த நொடியில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இனி நான் சொல்ல வேண்டியதில்லை, அவரே கேட்டுவிடுவார்...

“பாணி! உன் காலு அம்மா காலு மாதிரியே இருக்கே!”

அவர் முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. என் பாதத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு விம்மினார். பெற்ற தாயின் பாதம் எப்படி இருந்தது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அந்த நினைவையும் அழித்து, அங்கேயும் என் காலைப் பதித்துவிட்டேன்.

இப்போதாவது சொன்னேனா? இல்லை. காலைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அலுவலகத்திலிருந்து கணவர் சிரித்துக்கொண்டே வந்தார். “மாற்றல நிறுத்தி வச்சுட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான்.” கட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

ஷிகாதிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இனிமேல் தன் வீட்டில் மோஜா போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை இங்கே லட்சுமிக்கு உகந்த நாள். வாரா வாரம் அன்றைக்கு முதலில் அலமாரியில் இருக்கும் பாதத்துக்குப் பூ வைக்கிறார். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் முன்னால் தரையில் உட்காருகிறார்.

இன்று வியாழன். எதிர்க்கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது.

“பாணி! வா.”

காலைக் கழுவிவிட்டேன். போகிறேன்.