குந்தக் கூடாது

எழுபதுகளில், மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா பாலெடுக்க மரம் வெட்டிக்கொண்டிருந்தார். என் தங்கை இரண்டரை வயதில்தான் நடந்தாள். நடந்தாள் என்று சொல்வதே அதிகம். பத்தடி வைப்பாள், உடனே குந்திக்கொள்வாள். முழங்காலை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மூச்சு வாங்குவாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து மறுபடி பத்தடி. மூன்று வயதாகியும் ‘அம்மா’, ‘தண்ணி’ தவிர வேறு பேச்சில்லை.

எங்கள் தோட்டத்தில் குந்துவது குற்றம். விடிகாலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது எல்லாரும் நிற்க வேண்டும். அப்பா ஒருமுறை காய்ச்சலோடு குந்திவிட்டார். சோம்பேறி என்று கங்காணி அத்தனை பேர் முன்னால் திட்டி, வேலையில்லை என்று திருப்பி அனுப்பினான். அவனிடம் வாயைத் திறக்கத் துப்பில்லாத அப்பா, கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"எந்திரி! இந்த வயசுலயே என்னா சோம்பேறித்தனம்!" என்று தங்கையைத் தூக்கி நிறுத்துவார்.

தோட்டத்து மருந்துக்கொட்டகையில் வைத்தியம் பார்க்கும் டிரசர் வேறு ஏற்றிவிட்டார்: "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க. நடக்க வைங்க, சரியாப் போயிரும்லா." அவள் நெஞ்சில் குழாயை வைத்துக்கூடப் பார்க்காத மனுஷன்! அந்தப் பேச்சை நம்பி நானும், எட்டு ஒன்பது வயதில், அவளை எத்தனை தடவை இழுத்து நிறுத்தியிருக்கிறேன். இதை எழுதும்போது என் கையையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

நாலு வயதில் அவள் எங்கள் லயத்து வீட்டு வாசலில் மயங்கி விழுந்த பிறகுதான் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அவர் இங்கிலீஷில் கேட்டதை, பக்கத்திலிருந்த நர்ஸ் மிஸ்ஸி தமிழில் கேட்டார்: "புள்ள நடக்கும்போது குந்துதா?"

அப்பா வெட்கப்பட்டார். "குந்தும் மிஸ்ஸி. ஆனா நாங்க விடுறதில்ல."

"பொறக்கும்போதே இருதயத்துல கோளாறுண்ணே. குந்துனாத்தான் அதுக்கு மூச்சு வரும். யாரும் சொல்லித் தராம அதுவே கண்டுபிடிச்சிருக்கு. விடுங்க."

ஆப்பரேஷனுக்குக் கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸுக்கு நடந்தபோது, கொஞ்ச தூரத்திலேயே அவள் உதடு கறுத்தது. அப்பா நின்றார். "குந்தும்மா... குந்து" என்று கெஞ்சினார்.

அவள் குந்தவில்லை. அப்பா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, மூச்சிரைக்க, விறைப்பாக நின்றாள். நாலு வருஷத்தில் நாங்கள் அவளுக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.